எஸ்தர் தாளில் தையல் இல்லை

போன மாதம் கவிதா என் வீட்டுக்கு வந்தாள். நான் முப்பது வருஷம் வேலை பார்த்த திருப்பூர்ப் பனியன் கம்பெனியில், பணியாளர் பிரிவில், இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். நல்ல பெண்தான். வந்ததும் லேப்டாப்பைத் திறந்தாள்.

"அக்கா, உங்க காலத்துல நாள்கணக்கா எழுதுவீங்களாமா. இப்ப ரெண்டே நிமிசமுங்க. பாருங்க."

புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரு பக்கம். 'திறமை' என்று ஒரு கட்டம். அதை அழுத்தினால் இங்கிலீஷ் சொற்கள் வரிசையாக இறங்குகின்றன. ஒன்றைத் தொட்டால் ஒட்டிக்கொள்கிறது. நாற்பது பேருக்கும் அவள் தொட்டிருந்தது ஒரே சொல். டைனமிக்.

"டைனமிக்குன்னா என்ன கண்ணு?"

"சுறுசுறுப்புன்னு வெச்சுக்கலாமுங்க."

"நாப்பது பேருமா?"

"லிஸ்டுல அதுதானுங்க மேல இருக்குது. சட்டுனு தொட்டுரலாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சத்தம் போட்டேன். காபியைக் குடிக்காமலே எழுந்துவிட்டாள். கையைப் பிடித்து உட்காரவைத்து, எஸ்தர் விஷயத்தைச் சொன்னேன். கேட்டு முடித்ததும், "இதை அப்படியே எழுதிக் குடுங்கக்கா, எங்க ஆபீஸ்ல எல்லாரும் படிக்கோணும்" என்றாள். எழுதுகிறேன். அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததைச் சொல்லத் தெரியும்.

எனக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம். பி.காம். முடித்துவிட்டு டைம் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்தேன். வருகைப் பதிவு, லீவு, பி.எஃப். என்று பத்து வருஷம் போயிற்று. அதில் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு என்னைப் பணியாளர் பிரிவுக்குப் பொறுப்பாக்கினார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு நோட்டை விட்டுவிட்டுப் போயிருந்தார். வேலையை விட்டுப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் சர்டிபிகேட்டுக்கு அதில் ஒரு மாதிரி இருந்தது. சின்சியர், ஹார்டு ஒர்க்கிங், ஒபீடியன்ட். பெயரை மட்டும் மாற்றி டைப் அடிப்போம். சண்டை போட்டு விரட்டப்பட்டவனும் அந்தத் தாளில் ஒபீடியன்ட்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களின் ஆட்கள் ஃபேக்டரியைப் பார்க்க அடிக்கடி வர ஆரம்பித்தார்கள். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட தொழிலாளிகளுக்குத் தனி ஃபைல் வேண்டும், ஒவ்வொருவராலும் என்ன முடியும் என்று இங்கிலீஷில் எழுதியிருக்க வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு ஒரே உற்சாகம். கடைக்குப் போய் இங்கிலீஷ் சொற்கள் புத்தகம் ஒன்று வாங்கிவந்தேன். ஏபிள், கேப்பபிள், ஸ்கில்ஃபுல், டேலண்டட், கிஃப்டட், எஃபிஷியன்ட். பஸ்ஸில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். பிறகு அள்ளி வீசினேன். பையன்கள் வரிசையில் நின்று கேட்டு வாங்கிப் போவார்கள்.

"அக்கா, அவனுக்கு டேலண்டட் போட்டீங்க, எனக்கு ஏபிள்தானுங்களா?"

"சரி, உனக்கு கிஃப்டட். போ."

சாமளாபுரத்திலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பையனின் அம்மா, அந்தத் தாளை லேமினேட் செய்து பெண் பார்க்கப் போன வீட்டில் காட்டினாராம். பெண் கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தது. பெருமையாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இதெல்லாம் குப்புசாமி ஐயா ஃபேக்டரி மேனேஜராக வரும்வரைதான்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வர வர அவர் குரல் இறங்கும், 'ங்க' கூடும். ஒரு வாக்கியத்தில் நாலு 'ங்க' வந்தால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று அர்த்தம். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டார். சீவிய பென்சிலை எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அதன் முனையை வைத்து நகர்த்திக்கொண்டே படிப்பார். முதல் வாரத்தில் நான் ஒரு கட்டு ஃபைலைக் கொண்டுபோய் வைத்தேன்.

"டேலண்டட்டுன்னு போட்டிருக்கறீங்க. எதுலீங்க?"

"வேலையிலீங்க ஐயா."

"என்ன வேலையிலீங்க?"

"தையல்லீங்க."

"எந்த மெசின்லீங்க? என்ன பீஸுங்க? நீங்க எப்பப் பாத்தீங்க?"

நான் பார்க்கவே இல்லை.

"பாக்காம சொல்றதுக்கு ஜோசியகாரரு இருக்கறாருங்களே. கம்பெனிக்கு நீங்க எதுக்குங்க?"

அன்றைக்கே தாளின் வலது பக்கத்தில் ஒரு கோடு இழுத்தார். அதன் தலைப்பில் 'எங்கே பார்த்தது' என்று எழுதினார். திறமையைச் சொல்லும் சொல் எதுவாக இருந்தாலும் அதற்கு நேராக, எந்த மெஷின், என்ன வேலை, நான் கண்ணால் கண்டது என்ன என்று எழுத வேண்டும். இல்லையென்றால் பென்சில் அந்தச் சொல்லை அடித்துவிடும். அன்றிலிருந்து எந்தச் சொல்லை எழுதவும் நான் அந்த ஆள் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றாக வேண்டியதாயிற்று.

முதல் மாதம் அவரைத் திட்டாத நாளில்லை. மெஷின் சூடு, பஞ்சுத் தூசி, கால்வலி. டெய்லர்கள் வேறு, "அக்காளுக்கு நாற்காலி போயிருச்சுடோய்" என்று கிண்டல் அடித்தார்கள்.

பிறகு ஒருநாள் முத்துவேலின் மெஷின் பக்கத்தில் நின்றேன். பிளாட்லாக், நாலைந்து நூல் ஒன்றாக ஓடும். இருபது வயசுப் பையன். ஊசியில் நூல் அறுந்தது. மற்றவர்கள் எல்லா நூலையும் மறுபடி கோர்த்து ஓட்டுவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். நான் கையில் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து முள்ளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "மறுபடி அறு" என்றேன். சிரித்துக்கொண்டே அறுத்தான், கோர்த்தான். மூன்று தடவை அறுக்கச் சொன்னேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. 'குயிக்' என்று எழுதி, நேராக நான் கண்டதை எழுதினேன். குப்புசாமி ஐயாவின் பென்சில் அந்த வரியில் வந்து நின்றது. சின்னதாக ஒரு டிக். பரீட்சையில் பாஸானதுபோலக் குதித்தேன்.

அப்புறம் செந்தில். விளிம்பு மடித்துத் தைக்கும்போது துணி நழுவுகிறது என்று, தகரத்தை வளைத்து மெஷினில் பொருத்தி, துணி தானாக மடிந்து போகும்படி செய்துவைத்திருந்தான். 'இன்வென்டிவ்'. இன்னொரு டிக். வேலைக்குச் சேர்ந்து அத்தனை வருஷத்தில் முதன்முதலாக எனக்குக் காலையில் ஃபேக்டரிக்கு ஓட வேண்டும்போல இருந்தது. ஒரு சொல் ஒரு ஆள்மேல் சரியாகப் போய் உட்காரும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தச் சந்தோஷத்தில்தான் நான் எஸ்தரைக் கவிழ்த்தேன்.

எஸ்தர் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். இருபத்தோரு வயசு. கம்பெனி ஹாஸ்டலில் இருந்தாள். லைனில் கை ஜாயின்ட் போடுகிற, அதாவது பனியனின் கையை உடம்போடு சேர்த்துத் தைக்கிற டெய்லர். மாடியில் சாம்பிள் செக்‌ஷனில் ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள், வேலை முடிந்ததும் கீழே அனுப்பிவிடுவார்கள். ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் பையருக்குத் தைத்து அனுப்பும் முதல் பீஸ்தான் சாம்பிள். அது சரியில்லை என்றால் ஆர்டரே கிடையாது. அங்கேயே நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பது எஸ்தரின் ஆசை.

அந்தச் சமயத்தில் எங்கள் பையர் ஒருவர் ஓர் ஏற்பாடு செய்தார். பெங்களூரில் ஆறு மாதம் சாம்பிள் பயிற்சி. எங்கள் கம்பெனிக்கு இரண்டு இடம். முடித்துவிட்டு வந்தால் சாம்பிள் செக்‌ஷனில் நிரந்தர வேலை. ஆளைப் பார்க்கமாட்டார்கள், போட்டோ வேண்டாம். ஆளுக்கு ஒரு தாள், அவ்வளவுதான். அதைப் படித்துத்தான் தேர்வு. முத்துவேல், செந்தில், எஸ்தர் என்று மூன்று பேருக்கு எழுதி அனுப்பினோம்.

நான்கு நாளில் பதில் வந்தது. முத்துவேல், செந்தில்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் எஸ்தர் நேராக என் மேஜைக்கு வந்தாள். பேச்சில் அழுகை இல்லை.

"அக்கா, என் பேப்பர்ல என்ன எழுதுனிய?"

"நல்லாத்தான் கண்ணு எழுதினேன்."

"வாசிங்க. கேக்குதேன்."

நகலை எடுத்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். உண்மையானவள். கடுமையாக உழைப்பவள். ஒபீடியன்ட், சொன்ன சொல் கேட்பவள். மரியாதையானவள். அமைதியானவள். லீவு எடுக்காதவள். ஹாஸ்டல் விதிகளை மீறாதவள். சொல்லச் சொல்ல எனக்கே குரல் இறங்கியது.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"நான் தைக்கது எங்கக்கா இருக்கு?"

தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"கட்டிப்போட்ட மாடும் சத்தம் போடாம, லீவு போடாமத்தான் நிக்கும். அதைத் தைக்கப் பழக்க பெங்களூருக்கு யாரு கூப்புடுவா?"

சொல்லிவிட்டு நின்றாள். முத்துவேலுக்கும் செந்திலுக்கும் எழுதும்போது மெஷின் பக்கத்தில் நின்றவள், இவளுக்கு எழுத மாடிப்படி ஏறவில்லை. பெண் பிள்ளை என்றதும் பழைய நோட்டு தானாகக் கையில் வந்திருக்கிறது. நானும் ஒரு பெண்தான். என்னை என்ன செய்தால் தகும்?

தாளை எடுத்துக்கொண்டு குப்புசாமி ஐயாவின் அறைக்குள் போனேன். கதவைத் தட்டவில்லை.

"ஐயா, இதுல நீங்க கையெழுத்துப் போட்டிருக்கறீங்க."

பென்சிலை எடுத்தார். ஒவ்வொரு சொல்லாக நகர்த்தினார். வலது பக்கக் கட்டம் முழுக்கக் காலி.

"எல்லாச் சொல்லுக்கும் எங்கே பாத்தீங்கன்னு கேப்பீங்களே, இதுக்கு ஏனுங்க கேக்கலை?"

"இதுல திறமைன்னு ஒரு சொல்லும் இல்லீங்களே. பென்சிலு எங்கீங்க நிக்கும்?" என்றவர், தாளைக் கீழே வைத்தார். "கல்யாணத்துக்கு ஜாதகத்தோட அனுப்பற மாதிரி எழுதியிருக்கறீங்க. நானும் மாப்பிள்ளை வீட்டுக்காரனாட்டம் தலையை ஆட்டியிருக்கறனுங்க."

பீரோவிலிருந்து மற்றப் பெண் பிள்ளைகளின் ஃபைல்களையும் எடுத்துவரச் சொன்னார். பத்துப் பதினைந்து புரட்டினார். ஒபீடியன்ட், ஒபீடியன்ட், ஒபீடியன்ட். மூடிவைத்தார். போனை எடுத்து பையரின் திருப்பூர் அலுவலகத்துக்கு அடித்தார். தேர்வு செய்த டெக்னிக்கல் மேடம் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறார், நாளை பகல் இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் தருகிறேன் என்றாராம்.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அந்தப் புள்ளைய சாம்பிளுக்கு அனுப்பறனுங்க. நீங்க பக்கத்துல நில்லுங்க. பன்னெண்டு மணிக்குத் தாளு என் மேஜையில இருக்கோணுமுங்க."

எட்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே நான் மாடியில் இருந்தேன்.

அன்றைக்கு டீசர்ட் சாம்பிள். கழுத்தைச் சுற்றி வருகிற பட்டையை ரிப் என்போம். அது கழுத்து ஓட்டையைவிடக் கொஞ்சம் குட்டையாக இருக்க வேண்டும். இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும். நீளமானால் கழுத்து அலை அலையாக நிற்கும். குட்டையானால் தலை நுழையாது. பேட்டர்ன் மாஸ்டர் ஓர் அளவு கொடுத்திருந்தார். எஸ்தர் அதன்படி வெட்டவில்லை. ரிப் துண்டை இரண்டு கையிலும் பிடித்து இழுத்தாள், விட்டாள். திரும்ப இழுத்தாள். பிறகு மெஷின் டிராயரைத் திறந்தாள்.

உள்ளே பார்த்து நான் வாயைப் பிளந்தேன். இதுவரை அவள் தைத்த ஒவ்வொரு ரிப்பிலும் ஒரு விரல்நீளத் துண்டு. கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம். எல்லாவற்றையும் ஊக்கில் கோர்த்துவைத்திருந்தாள். ஒவ்வொன்றின்மேலும் பால்பாயின்ட் பேனாவால் இரண்டு கோடு.

"என்ன கண்ணு இது?"

"இழுத்தா எம்புட்டு வரும், விட்டா எம்புட்டு திரும்பும்னு கோடு போட்டு வச்சிருக்கேன். வெள்ளை ரிப் நல்லா இழுபடும். சாயம் ஏறுன கறுப்பு அம்புட்டு வராது. மாஸ்டர் ரெண்டுக்கும் ஒரே அளவு குடுக்காரு."

"அவருகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். வேலையைப் பாருன்னாரு. நான்தான் ஒபீடியன்ட்டாச்சேக்கா, என் அளவுல வேலையைப் பாத்தேன்."

எனக்குச் சுள்ளென்றது. சிரிப்பும் வந்தது.

"ரெண்டையும் தைச்சுக் காட்டு" என்றேன். மாஸ்டர் அளவில் ஒன்று, அவள் அளவில் ஒன்று தைத்தாள். கறுப்பு டீசர்ட். மாஸ்டர் அளவில் தைத்தது, சாம்பிள் போட்டுப் பார்க்கும் பொம்மையின் தலையில் நுழையவில்லை. நான் பிடித்து இழுத்தேன், தையல் படபடவென்று விட்டது. அவள் அளவில் தைத்தது நுழைந்து, கழுத்தில் படிந்து உட்கார்ந்தது. நான் கத்தியதில் மாஸ்டர் ஓடிவந்தார்.

"என்னங்க, யாருக்காச்சும் வெரல்ல ஊசி ஏறிருச்சுங்களா?"

"உங்க அளவுல ஏறிருச்சுங்க, பாருங்க" என்றேன். அவர் இரண்டு டீசர்ட்டையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அந்தத் துண்டுகளைக் குடு சாமி, நானும் குறிச்சுக்கறேன்" என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன்.

ஓடிப்போய் சாம்பிள் ரிஜிஸ்டரை எடுத்தேன். தைத்தவர் பெயரும், பையர் சொன்ன குறையும் அதில் இருக்கும். எஸ்தர் பெயர் இருந்த இடங்களில் கழுத்தைப் பற்றி ஒரு குறைகூட இல்லை. மற்றவர்கள் பெயருக்கு நேராகப் பக்கத்துக்குப் பக்கம் 'கழுத்து அலை', 'கழுத்து இறுக்கம்'. இத்தனை நாளும் அந்த ரிஜிஸ்டர் என் மேஜைக்கு மேலே உள்ள மாடியில்தான் இருந்தது.

அவள் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு எழுதினேன். அப்சர்வன்ட், மற்றவர் கண்ணில் படாததைக் கவனிப்பவள். நேராக, கறுப்பும் வெள்ளையும். அக்யூரேட், துல்லியமானவள். நேராக, ரிஜிஸ்டர் பக்கங்கள். ரிசோர்ஸ்ஃபுல், கையில் இருப்பதை வைத்து வழி கண்டுபிடிப்பவள். நேராக, ஊக்கில் கோர்த்த துண்டுகள். உற்சாகத்தில் கை நிற்கவில்லை. ஃபாஸ்ட் என்றும் எழுதிவிட்டேன்.

"வாசிங்க" என்றாள். வாசித்தேன்.

"கடைசியை அடிங்க. நான் வேகம் இல்லை. முத்துவேலுதான் வேகம்."

"இருந்துட்டுப் போகுது கண்ணு. ஒரு சொல்லு கூட இருந்தா நல்லதுதானே?"

"அங்க போயி மெஷின்ல உக்காத்தி வச்சா தெரிஞ்சிரும். ஒண்ணு பொய்னா மத்த மூணையும் யாருக்கா நம்புவா?"

அடித்தேன். குப்புசாமி ஐயாவின் பென்சில் மூன்று இடத்தில் நின்றது. மூன்று டிக். கையெழுத்துப் போட்டுவிட்டு அதற்குக் கீழே இங்கிலீஷில் அவரே ஒரு வரி எழுதினார். முதலில் அனுப்பிய தாளை நாங்கள் சரியாகப் பார்க்காமல் அனுப்பிவிட்டோம், அந்தத் தவறு எங்களுடையது, இந்தப் பெண்ணுடையது அல்ல. தன்னைவிடச் சின்ன ஆபீஸருக்கு இப்படி எழுதுகிற மேனேஜரை நான் பார்த்ததில்லை.

எஸ்தரை என் ஸ்கூட்டியின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பறந்தேன். காதர்பேட்டைப் பக்கம் பனியன் மூட்டை ஏற்றிய வண்டிகள் ரோட்டை அடைத்து நின்றன. இறங்கி ஸ்கூட்டியை உருட்டினேன். எஸ்தர் முன்னால் போய், "வழி விடுங்கண்ணே, வழி விடுங்கண்ணே" என்று விலக்கிக்கொண்டே போனாள். அமைதியானவள் என்று எழுதிய என் கையை அங்கேயே ஒடித்துப் போட்டிருக்கலாம்.

மேடம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். நாற்பது வயசு இருக்கும். நன்றாகத் தமிழ் பேசினார்.

"ரெண்டும் நீங்க எழுதினதா?"

"ஆமாங்க."

"ஒரே பொண்ணு. ஒரு வாரத்துக்குள்ள எப்படி மாறினா?"

"அவ மாறலீங்க மேடம். முதல் தாளை அவ வேலையைப் பாக்காம எழுதினேன். சோம்பேறித்தனமுங்க."

அவர் எஸ்தரைப் பார்த்தார். அலமாரியிலிருந்து ஒரு டீசர்ட்டை எடுத்துப் போட்டார். வேறு ஏதோ கம்பெனியின் சாம்பிள். "இதுல என்ன தப்பு?"

எஸ்தர் கழுத்தைத் தொடவே இல்லை. டீசர்ட்டை உள்பக்கமாகத் திருப்பினாள். தோள் தையலைப் பிடித்து இழுத்தாள்.

"கழுத்து அலையடிக்கு. ஆனா தப்பு ரிப்புல இல்லை மேடம். தோள்ல டேப் வைக்காம தைச்சிருக்காங்க. தோள் நீண்டுபோச்சு. அதான் கழுத்தும் பெரிசாயிருச்சு. ரிப்பைக் குறைச்சா இன்னும் மோசமாவும்."

மேடம் எழுந்துவிட்டார். "மூணு தடவை ரிப்பைக் குறைச்சுத் தைக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். மூணு தடவையும் மோசமாத்தான் வந்தது" என்றார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

அவர் மறுபடி உட்கார்ந்து இரண்டு தாளையும் பார்த்தார்.

"ரெண்டு பேரோட பேரும் பெங்களூர் போயாச்சு. அவங்க தாளும் சரியாத்தான் இருக்கு. அவங்க பேரை நீக்க என்னால முடியாது."

"வேண்டாம் மேடம்" என்றாள் எஸ்தர். "அவங்களும் வேலை தெரிஞ்சவங்கதான்."

"அடுத்த பயிற்சி ஆறு மாசம் கழிச்சு. முதல் இடம் உனக்கு. எழுத்திலேயே தர்றேன். அதுவரைக்கும் சாம்பிள் செக்‌ஷனை விட்டு இறக்கக் கூடாதுன்னு உங்க மேனேஜருக்கும் எழுதறேன்."

எழுதிக் கையில் கொடுத்தார். எஸ்தர் அதை என்னிடம் நீட்டவில்லை. மேடத்திடமே திரும்ப நீட்டினாள்.

"எனக்கு என்ன வேலை தெரியும்னு இதுல இருக்கா மேடம்?"

மேடம் சிரித்துவிட்டார். பேனாவைத் திறந்து இரண்டு வரி சேர்த்து எழுதி, சத்தமாக வாசித்தும் காட்டினார்.

என் சோம்பேறித்தனம் எஸ்தருக்கு ஆறு மாதத்தைத் தின்றுவிட்டது. அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. ஆனாலும் அந்த மத்தியான வெயிலில் ஸ்கூட்டியைக் கிளப்பும்போது எனக்கு இருந்த துள்ளல் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. சத்தமாகப் பேசிக்கொண்டே ஓட்டினேன். சிக்னலில் நின்றபோதுதான் எஸ்தர் பின்னாலிருந்து வாயைத் திறந்தாள்.

"அக்கா, போனதும் லில்லி பேப்பரை எடுங்க."

"எந்த லில்லி?"

"செக்கிங் லில்லி. என் ரூம்ல இருக்கா. துணியை ரெண்டு விரல்ல தடவிப் பாத்தே, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்னு சொல்லிருவா. தராசுல வச்சா அதே வரும். அவ பேப்பர்லயும் ஒபீடியன்ட்தானே போட்டிருப்பிய?"

போட்டிருந்தேன்.

"அதுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்லுவாவ?"

"தெரியலையே கண்ணு."

"தெரியாட்டி தேடுங்க. உங்க வேலை அதுதானக்கா."

பச்சை விழுந்தது. ஸ்கூட்டியை முறுக்கினேன்.